ஹிஸ்லாப்பும் சிப்பி இறாலும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. சினிமா இல்லை, அரசியல் இல்லை. ஆபீஸ்ல பில்ட் ஓடிட்டு இருக்கும்போது படிச்சா சரியா இருக்கும்.

எங்க டீம்ல நாக்பூர்க்காரர் ஒருத்தர் இருக்காரு. போன மாசம் மதியச் சாப்பாட்டு நேரத்துல யார் யாரு எந்தக் காலேஜ்னு பேச்சு வந்தது. "நான் ஹிஸ்லாப் காலேஜ்"னாரு. பேரு புதுசா இருக்கே, யாருங்க அந்த ஹிஸ்லாப்னு கேட்டேன். "யாரோ பழைய காலத்துப் பாதிரியார்"னு சொல்லிட்டு தயிர்சாதத்தைக் கவனிக்கப் போயிட்டாரு.

நமக்குத்தான் கை சும்மா இருக்காதே. அன்னைக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சேன். பாதிரியார்ங்கிறது சரிதான். ஆனா தேடல் போய் நின்ன இடம் வேற: சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னதா ஒரு ஓடு, அதை வச்சுப் பாறைக்கு வயசு சொல்லப் பார்த்த கதை. படிச்சது பொறியியல், புவியியல் எனக்கு ஒன்பதாம் வகுப்போட சரி. அதனால துறை ஆளுங்க யாராவது இந்தப் பக்கம் வந்தா தப்பிருந்தா தலையில குட்டுங்க.

முதல்ல அந்த ஜந்து யாருன்னு சொல்லிடறேன். ஆங்கிலத்துல கிளாம் ஷ்ரிம்ப். நான் சிப்பி இறால்னு சொல்லிக்கிறேன். மழை பெஞ்சு தேங்கின குட்டையில திடீர்னு தோன்றி, தண்ணி வத்துறதுக்குள்ள வளர்ந்து, முட்டை போட்டு, செத்துப் போற சின்ன உயிர். ரெண்டு ஓட்டுக்கு நடுவுல உட்கார்ந்திருக்கும். வெளியில இருந்து பார்த்தா குட்டி மட்டி மாதிரியே இருக்கும், உள்ளே இருக்கிறதோ நண்டு, இறால் வகையறா. காய்ஞ்ச சேத்துக்குள்ள முட்டைகள் வருஷக்கணக்கா கிடக்கும். அடுத்த நல்ல மழைக்குப் பொரிக்கும். காத்தடிச்சா மண்ணோட சேர்ந்து முட்டையும் பறந்து வேற ஊர்க் குட்டைக்குக் குடியேறும்.

இன்னொரு விசேஷம். நண்டு வளரும்போது ஓட்டை மொத்தமா கழட்டிப் போட்டுடும் இல்லையா? சிப்பி இறால் அப்படிச் செய்யாது. உடம்பு மத்த இடத்துல தோலுரிக்கும், ஓட்டை மட்டும் வச்சுக்கும். பழைய ஓட்டுக்கு அடியிலேயே கொஞ்சம் பெரிசா புது ஓடு வளரும். அதனால ஓட்டு மேல மரத்தோட வளையம் மாதிரி வரிவரியா கோடு விழும். ஒவ்வொரு கோடும் ஒரு தோலுரிப்பு. ஆளு செத்த பிறகும் அழியாத லாக் ஃபைல்னு வச்சுக்கோங்களேன். இந்த வகையறா டெவோனியன் காலத்துல இருந்தே இருக்கு, அதாவது 35 கோடி வருஷத்துக்கும் மேல.

சரி, இதுக்கும் பாறை வயசுக்கும் என்ன சம்பந்தம்?

நம்ம அரியலூர்ப் பக்கம் போனா அம்மோனைட் கிடைக்கும், ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட கடல் ஜந்து. அம்மோனைட் இனங்கள் சீக்கிரம் சீக்கிரமா மாறினவை, கடல் முழுக்கப் பரவினவை. அதனால ஒரு பாறையில எந்த அம்மோனைட் இருக்குன்னு பார்த்தாலே ஐரோப்பாவுல எந்த அடுக்குக்கு அது சமம்னு சொல்லிடலாம். ஆனா இது கடல்ல படிஞ்ச பாறைக்குத்தான். ஆத்துலயும் ஏரியிலயும் படிஞ்ச பாறையில அம்மோனைட்டுக்கு எங்கே போறது? இந்தியாவோட நடுப்பகுதியில இருக்கிற கோண்ட்வானா பாறைகள் பெரும்பாலும் அந்த மாதிரிதான். இலை கிடைக்கும், எப்பவாவது ஒரு மீன், அதிர்ஷ்டம் இருந்தா ஒரு எலும்பு. அங்கேதான் சிப்பி இறால் வருது. குட்டைக்குக் குட்டை ஆயிரக்கணக்குல செத்து விழுந்திருக்கும், ஒரு கல்லைப் பொளந்தா முகம் முழுக்க ஓடா இருக்கும். காத்துல பரவுறதால தூர தூர ஊர்லயும் ஒரே இனம் இருக்க வாய்ப்பு. நிலத்துப் பாறையோட அம்மோனைட்டா இதை வச்சுக்கலாமேங்கிறதுதான் ஆசை. அந்த ஆசை எவ்வளவு தூரம் பலிச்சதுங்கிறதுதான் இந்தப் பதிவு.

இப்ப ஹிஸ்லாப். ஸ்டீபன் ஹிஸ்லாப், 1817-ல ஸ்காட்லாந்துல டன்ஸ்ங்கிற சின்ன ஊர்ல பிறந்தவர். 1845-ல நாக்பூர் வந்து சேர்ந்தார். அப்ப நாக்பூர் இன்னும் போன்ஸ்லே ராஜ்ஜியம், 1854-லதான் டல்ஹவுசி அதை எடுத்துக்கிட்டது. பக்கத்துல காம்ப்டீயில கம்பெனியோட ராணுவ முகாம். அங்கே இருந்தது மெட்ராஸ் படைங்கிறது நமக்கு ஒரு சின்னத் தொடுப்பு. அந்த ஊர்ப் பேருதான் இன்னைக்கு 'காம்தி' பாறைகள்னு புவியியல் புத்தகத்துல நிக்குது. ஹிஸ்லாப் செய்ய வந்த வேலை மதப் பிரசாரமும் பள்ளிக்கூடமும். கூட வேலை பார்த்தவர் ராபர்ட் ஹண்டர், பின்னாளில் ஒரு பெரிய ஆங்கில அகராதியோட ஆசிரியர் ஆனவர். ரெண்டு பேருக்கும் ஒரே கிறுக்கு, கல் பொறுக்குறது. 1851-ல நாக்பூர்கிட்ட டாகளிப் பக்கம் எரிமலைப் பாறைகளுக்கு நடுவுல நன்னீர் நத்தை ஓடுகளைக் கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம் நிறுத்தவே இல்ல. வாரநாள்ல பாடம், மத்த நேரம் சுத்தியல். ரெண்டு வேலையையும் ஒழுங்கா பார்த்திருக்காங்க, அதுதான் எனக்குப் பொறாமை. நான் இந்தப் பதிவை முடிக்கவே மூணு வாரம் ஆச்சு.

நாக்பூருக்குத் தெற்கே மங்களின்னு ஒரு ஊர். அங்கே சிவப்புக் கல்லுல அகலத் தலை ஒண்ணு கிடைச்சது. லண்டனுக்குப் போச்சு. ரிச்சர்ட் ஓவன், ஆமா, டைனோசர்ங்கிற வார்த்தையை உண்டாக்கின அதே ஓவன், 1855-ல அதுக்கு ப்ராக்கியாப்ஸ் லாட்டிசெப்ஸ்னு பேரு வச்சார். தவளை, சாலமாண்டர் வழியில வர்ற பழைய நீர்நில வாழ்வி. அதே மங்களிக் கல்லுல பொடிப் பொடியா ஓடுகளும் இருந்தன. கோதாவரியில கலக்குற பிராணஹிதா ஆத்தங்கரையில, சிரோஞ்சா பக்கம் கோட்டான்னு ஒரு ஊர். அந்தப் பாறையிலயும் அதே மாதிரி பொடி ஓடு. கோட்டா சுண்ணாம்புக் கல்லுல மீன் கிடைச்சது அதுக்கு முன்னாடியே தெரியும், 1851-லயே லெபிடோட்டஸ் டெக்கானென்சிஸ்னு பேரு வாங்கிடுச்சு.

தலைக்குப் பேரு போட ஓவன் இருந்தார். ஓட்டுக்கு யாரு? தாமஸ் ரூபர்ட் ஜோன்ஸ்னு ஒருத்தர். லண்டன் புவியியல் சங்கத்துல உதவிச் செயலாளர், அந்தச் சங்கத்தோட காலாண்டு இதழையும் அவர்தான் பார்த்துக்கிட்டார். ஹிஸ்லாப்பும் ஹண்டரும் 1855-ல எழுதின நாக்பூர்க் கட்டுரை வந்தது அந்த இதழ்லதான். ஜோன்ஸுக்கு நுண்ணோக்கி கையில இருந்தா போதும், சாப்பாடு வேண்டாம்.

அவர் காலத்துல ஐரோப்பாவுல ஒரு பெரிய குழப்பம் ஓடிட்டு இருந்தது. ஜெர்மனி, இங்கிலாந்து ட்ரயாசிக் பாறைகள்ல குவிஞ்சு கிடக்கிற ஒரு சின்ன ஓட்டை எல்லாரும் 'பொசிடோனோமியா மினூட்டா'ன்னு சொன்னாங்க. பொசிடோனோமியான்னா மட்டி, அதுவும் கடல் மட்டி. கடல் மட்டி இருந்தா அந்தப் பாறை கடல்ல படிஞ்சதுன்னு ஆகுது. ஜோன்ஸ் ஓட்டோட நுண்ணமைப்பைப் பார்த்தார். மட்டி ஓடு சுண்ணாம்பு. இதுவோ கைட்டினும் கால்சியம் பாஸ்பேட்டும் சேர்ந்தது. பெரிசாக்கிப் பார்த்தா கோடுகளுக்கு நடுவுல மெல்லிய வலை மாதிரி வேலைப்பாடு. இது மட்டியே இல்லய்யா, குட்டையில வாழுற சிப்பி இறால்னு ஆதாரத்தோட எழுதினார். பாருங்க, ஓட்டுல ஒரு வலைப் பின்னல் தெரிஞ்சதால, கடல்னு நினைச்சிருந்த இடம் மழைக்குட்டை ஆயிடுச்சு.

இதையெல்லாம் சேர்த்து 1862 தேதியிட்டு அவர் வெளியிட்ட தனிநூல்தான் உலகத்துல கிடைச்ச தொல் சிப்பி இறால்களுக்கு முதல் பெரிய கணக்கு. அதுல நம்ம ரெண்டு ஊரும் இருக்கு: எஸ்தீரியா மங்காலியென்சிஸ், எஸ்தீரியா கோட்டாயென்சிஸ். மராத்தி மண்ணுல ஒரு சின்ன கிராமம் லத்தீன் வால் முளைச்சு லண்டன்ல அச்சேறிடுச்சு.

இந்த 'எஸ்தீரியா'ங்கிற பேருக்கு என்ன ஆச்சு தெரியுமா? சிப்பி இறாலுக்கு அந்தப் பேரு வந்தது 1837-ல. ஆனா 1830-லயே ஒருத்தர் அதே பேரை ஒரு ஈ வகைக்கு வச்சுட்டார். விலங்கியல்ல முதல்ல வச்சவருக்குத்தான் பேரு. சுத்தமான நேம்ஸ்பேஸ் மோதல்! இறால்காரங்க மொத்தமா பேரை மாத்த வேண்டியதாப் போச்சு. சைசிகஸ், யூஎஸ்தீரியா, லியோஎஸ்தீரியான்னு பிரிச்சுப் பிரிச்சு வச்சாங்க. அதனால ஒரே மங்களி ஓடு ஒவ்வொரு புத்தகத்துலயும் ஒவ்வொரு பேருல இருக்கும். தேடிப் படிக்கிறவன் பாடு திண்டாட்டம்.

இனி வயசு விஷயம். 1855 கட்டுரையில ஹிஸ்லாப்பும் ஹண்டரும் நாக்பூரோட இலைக் கல், நிலக்கரி எல்லாத்தையும் ஜுராசிக் பக்கம் வச்சாங்க. ஐரோப்பாவோட ஒப்பிட்டு அப்படித்தான் யோசிக்க முடிஞ்சது. இன்னைக்குக் கணக்குப்படி குளோசாப்டெரிஸ் இலை கிடைக்கிற அடுக்குகள் பெர்மியன், 25 கோடி வருஷத்துக்கு மேல. மங்களி அதுக்குச் சற்றுப் பின்னாடி, ஆரம்ப ட்ரயாசிக். அதாவது பூமியில பெரும்பாலான உயிரினங்கள் அழிஞ்சு போன அந்தப் பேரழிவுக்கு அடுத்த பக்கம். கோட்டா இன்னும் பல கோடி வருஷம் தள்ளி, ஜுராசிக். நாக்பூர் நத்தை கிடைச்ச எரிமலைப் பாறையோ சுமார் 6.6 கோடி வருஷம்தான். ஹிஸ்லாப் அதை டெர்ஷியரின்னு நினைச்சார், மோசமில்லாத ஊகம்.

மங்களி எப்படி அந்த இடத்துக்கு வந்தது? தலையும் ஓடும் சேர்ந்து சொன்ன சாட்சி. வங்காளத்துல ராணிகஞ்ச் பக்கம் பாஞ்செட் அடுக்குகள் இருக்கு, அங்கேயும் இந்த மங்களி எஸ்தீரியா கிடைச்சதா அப்பவே பதிவு பண்ணியிருக்காங்க. பாஞ்செட்ல லிஸ்ட்ரோசாரஸ் எலும்பும் கிடைக்குது, அது ஆரம்ப ட்ரயாசிக்கோட முத்திரை. அ = ஆ, ஆ = இ, அதனால அ = இ. பள்ளிக்கூடக் கணக்குதான்.

ஆனா இந்தக் கணக்கு கவுந்து போறதும் உண்டு. 1876-ல கெய்னிட்ஸ்ங்கிற ஜெர்மானியர் அர்ஜென்டினாவுல இருந்து வந்த கல்லுகளைப் பார்த்து, இதுல இருக்கிறது எஸ்தீரியா மங்காலியென்சிஸ்தான்னு எழுதிட்டார். அவர் பார்த்த அர்ஜென்டினாப் பாறைகள் ட்ரயாசிக்தான், ஆனா மங்களியை விடப் பிந்தினவை. அந்த ஓடுகளை இப்ப வேற இனமாத்தான் வைக்கிறாங்க. அவரைக் குத்தம் சொல்லவும் முடியாது. முட்டை வடிவத்துல ஒரு ஓடு, மேல சில கோடுகள், பாறை எடை அழுத்தி நசுங்கின கோலம். கைலென்ஸ்ல பார்த்தா எல்லாம் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும். கோடுகளுக்கு நடுவுல இருக்கிற நுண்ணிய வேலைப்பாட்டைத்தான் இப்ப நம்புறாங்க, அதைப் பார்க்க எலக்ட்ரான் நுண்ணோக்கி வேணும். 19-ம் நூற்றாண்டு ஆளுங்க கிட்ட அது இல்லை.

எனக்கு இதுல பிடிச்ச உதாரணம் சீனா. வடகிழக்குச் சீனாவுல இறகு முளைச்ச டைனோசர் கிடைக்கிற பாறைகள் இருக்கே, அதுல ஒரு மூணு பேர் கூட்டணி: ஒரு சிப்பி இறால், ஒரு பூச்சி, ஒரு மீன். அதுல இறால் பேரு ஈயோஸெஸ்தீரியா. இந்தக் கூட்டணி எங்கெங்கே தெரியுதோ அதெல்லாம் ஒரே காலத்து அடுக்குன்னு தூர தூரப் பாறைகளை இணைச்சாங்க. அந்த வேலையில ஓடு கெட்டி. ஆனா அந்தக் காலம் எது? ஜுராசிக் கடைசியா, கிரெட்டேசியஸ் ஆரம்பமா? பல வருஷம் சண்டை. 1999-ல எரிமலைச் சாம்பலை ஆர்கான் முறையில அளந்து ஏறக்குறைய 12.5 கோடி வருஷம்னு சொன்ன பிறகுதான் கிரெட்டேசியஸ் பக்கம் சாய்ஞ்சது. இதையும் அதையும் ஒரே வரிசையில நிக்க வைக்க ஓட்டுக்குத் தெரியும், தன் வயசை எண்ணாச் சொல்லத் தெரியாது. அதுக்கு சாம்பல் வேணும்.

கோட்டாவுல இதேதான் சிக்கல். அங்கே 1961-ல தோண்டி எடுத்த எலும்புதான் பாரபாசாரஸ் தாகோரி. வங்காளத்துல 'பெரிய கால்'. தாகூர் நூற்றாண்டுன்னு அவர் பேரு. கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துல எலும்புக்கூடு நிக்குது. கோட்டா ஆரம்ப ஜுராசிக்னா, அது உலகத்தோட பழைய ராட்சச டைனோசர்கள்ல ஒண்ணு. நடு ஜுராசிக்னா அந்தப் பட்டத்துக்கு வேற போட்டியாளர்கள் வந்துடுவாங்க. மீனைப் பார்த்தவங்க ஆரம்ப ஜுராசிக்னாங்க, ஆஸ்ட்ரகோடுன்னு சொல்ற இன்னொரு பொடி ஓட்டைப் பார்த்தவங்க நடு ஜுராசிக்னாங்க.

சிப்பி இறாலை வச்சு இதுல இறங்கினவர் பால் டாஷ், அமெரிக்காவுல விச்சிட்டாவுல பேராசிரியர். 1975-ல இந்தியப் புவியியலாளர்களோட சேர்ந்து இந்திய கோண்ட்வானா ஓடுகளைப் பத்தி எழுதினார். அவர் குறி வயசு மட்டும் இல்லை, கண்டங்கள் ஒட்டி இருந்ததுக்கு ஆதாரம். நன்னீர்க் குட்டை ஜந்து உப்புத் தண்ணியில நீந்திக் கண்டம் விட்டுக் கண்டம் போகாது இல்லையா? அன்டார்டிகாவுல எரிமலைக் குழம்பு ரெண்டு அடுக்கா ஓடினதுக்கு நடுவுல, அந்தச் சின்ன இடைவெளியில தேங்கின ஏரிகள்ல வாழ்ந்த சிப்பி இறால்களை அவர் சேகரிச்சிருந்தார். இன்னைக்குப் பனிக்கட்டி, அன்னைக்குச் சுடு பாறை மேல மழைக்குட்டை! அந்தக் குழம்புப் பாறைக்கு வயசு அளக்க முடியும், சுமார் 18 கோடி வருஷம். கோட்டா ஓடும் அன்டார்டிகா ஓடும் சொந்தம்னு உறுதியாச்சுன்னா கோட்டாவுக்கும் ஒரு எண் கிடைச்ச மாதிரி. 1987-ல தெற்குக் கண்டங்கள் மொத்தத்துக்கும் ஒரு பெரிய நூலே போட்டார். ஆனா டாஷ் இனங்களை ரொம்பப் பிரிச்சுட்டார்னு பின்னாடி வந்தவங்க பலதை ஒண்ணா சேர்த்தாங்க. நசுங்கின விதம் வேற வேறயா இருந்ததையும் வேற வேற இனம்னு எண்ணிட்டா என்ன பண்றது? ஒரே பக்கை பத்து டிக்கெட்டா போட்ட மாதிரிதான். கோட்டா வழக்கு இன்னும் முடியலை.

ஹிஸ்லாப் கதையை பாதியில விட்டுட்டேன். அவர் கல்லுல இருக்கிற ஓட்டை மட்டும் பார்க்கலை. நாக்பூர்க் குட்டையில உயிரோட இருக்கிற சிப்பி இறாலையும் பிடிச்சு லண்டனுக்கு அனுப்பினார். பிரிட்டிஷ் மியூசியத்துல வில்லியம் பேர்ட் 1859-ல அதுல ஒண்ணுக்கு எஸ்தீரியா ஹிஸ்லாப்பின்னு பேரு வச்சார். இப்ப சைக்லெஸ்தீரியா ஹிஸ்லாப்பி.

1863 செப்டம்பர் 4. நாக்பூருக்குப் பக்கத்துல டாகல்காட்ல பெருங்கற்காலக் கல்வட்டங்களைத் தோண்டிப் பார்க்க ரிச்சர்ட் டெம்பிளோட போயிருந்தார். வேலை முடிஞ்சு மத்தவங்க திரும்பிட்டாங்க. இவர் மட்டும் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துட்டு வர்றேன்னு பின்தங்கினார். இருட்டிடுச்சு. மழையில ஓடை பெருகிக் கிடந்தது. குதிரை மட்டும் தனியா வந்து சேர்ந்தது. தேடிப் போனவங்களுக்கு உடல்தான் கிடைச்சது. இன்னும் நாலு நாள் இருந்திருந்தா 46 வயசு. அவர் எழுதி வச்சிருந்த பழங்குடிகள் பத்தின குறிப்புகளை டெம்பிள் 1866-ல அச்சுல கொண்டு வந்தார்.

அவர் பேரு வச்ச அந்த இறாலோட கதை நிக்கலை. நார்வேயில ஜி.ஓ. சார்ஸ்னு ஒரு விஞ்ஞானி, ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த காய்ஞ்ச சேத்தைத் தண்ணியில கரைச்சு வச்சார். உள்ளே இருந்து ஹிஸ்லாப்பி பொரிச்சு வந்தது! 1887-ல அதைப் பத்தி எழுதினார். நாக்பூர், ஆஸ்திரேலியா, அப்புறம் ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கான்னு வெப்பமான ஊர் எங்கே பார்த்தாலும் அதே இறால். உலகம் முழுக்க ஒரே இனம்னு நம்பிட்டு இருந்தாங்க. 2013-ல மரபணுவைப் பார்த்தா, அது ஒரு இனமே இல்லையாம், பார்க்க ஒரே மாதிரி இருக்கிற பல இனங்கள். அவை பிரிஞ்சது கிரெட்டேசியஸ் காலத்துல. அத்தனை கோடி வருஷம் தனித்தனியா வாழ்ந்தும் ஓட்டைப் பார்த்து ஆளைப் பிரிக்க முடியலை. உயிரோட கையில இருக்கிறதுக்கே இந்தக் கதி. கெய்னிட்ஸ் கையில இருந்ததோ நசுங்கின கல்.

நேத்து இதையெல்லாம் நாக்பூர் நண்பர்கிட்ட சொன்னேன். கடைசி வரைக்கும் பொறுமையா கேட்டாரு. ஊருக்குப் போகும்போது டாகல்காட் கல்வட்டத்தைப் பார்த்துட்டு வர்றேன்னாரு. அப்புறம் மெதுவா கேட்டாரு: "இறால்னா சாப்பிடலாமா?"

அஞ்சு மில்லிமீட்டர் கூட வராதுங்க, ஒரு தட்டு சேர்க்க ஒரு மழைக்காலம் ஆகும்னு சொல்லி அனுப்பிட்டேன். அடுத்த மழையில உங்க ஊர்க் குட்டையில இது கண்ணுல பட்டா படம் எடுத்து வைங்க மக்களே. அனுப்புறவங்களுக்கு அடுத்த பதிவுல நன்றி கார்டு உண்டு :-)